ஒன்பது அடியும் பதினைந்து அடியும்: மண்டல விதிகள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறோம். எங்கள் மனை பின்புறம் குறுகிச் செல்லும். மாடிப்படி ஏற இயலாத என் தாயாருக்காகத் தரைத்தளத்தில் ஓர் அறையை ஒட்டிக் கட்ட விரும்புகிறோம். பின் எல்லையிலிருந்து 15 அடி விட வேண்டும் என்பது மண்டல விதி, அதாவது எந்தப் பகுதியில் எதை எப்படிக் கட்டலாம், பயன்படுத்தலாம் என்று நகரம் வகுத்த விதி; எங்களால் 9 அடிதான் விட முடியும். விதிவிலக்கு கோரும் விண்ணப்பத்தில் தாயாரின் நிலையை ஒரு பக்கம் முழுக்க எழுதியும், அதை நிராகரிக்கலாம் என்று நகர அலுவலர்கள், இத்தகைய விண்ணப்பங்களை விசாரித்து முடிவெடுக்கும் திட்ட ஆணையத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய இன்னல் என்ன வேண்டும்?

பதில்: தாயாரின் இன்னல் உண்மையானதுதான், ஆனால் அதை எழுதுவதற்குரிய இடம் இந்த விண்ணப்பம் அன்று. விதிவிலக்கு என்பது ஆளுக்குக் காட்டப்படும் சலுகையாக இல்லாமல் மனைக்கு அளிக்கப்படும் நிவாரணமாக இருப்பதால், நாளை வீட்டை விற்றாலும் அது மனையோடு சேர்ந்து புதிய உரிமையாளருக்குப் போய்விடும். ஆகவே உங்கள் மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 65906ஆம் பிரிவு, மனையின் பரப்பு, வடிவம், மேடு பள்ளம், அமைவிடம், சுற்றுப்புறம் ஆகியவற்றில் உள்ள தனித்தன்மையால், அதே மண்டலத்தில் அக்கம்பக்கத்து மனைகளுக்குக் கிடைக்கும் உரிமை உங்கள் மனைக்குக் கிடைக்காமல் போகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது.

உங்கள் விண்ணப்பத்தில் வலுவான பகுதி குறுகிச் செல்லும் அந்தப் பின்புறம்தான். ஆனால் மனை குறுகலானது என்று சொன்னால் மட்டும் போதாது. 1974ஆம் ஆண்டு டொபாங்கா வழக்கில், பள்ளத்தாக்கு நிலம் ஒன்றுக்கு அளிக்கப்பட்ட விதிவிலக்கைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அந்த நிலத்தின் இயல்புகள் விவரிக்கப்பட்டிருந்தனவே தவிர, அண்டை நிலங்கள் அதிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்குச் சான்று இல்லை என்பது முக்கியக் காரணம். ஆகவே உங்கள் தெருவில் உள்ள மனைகளின் அளவுகளை வரைபடத்தில் குறித்து, பெரும்பாலானவற்றில் இதே அளவு அறை விதிக்குள் அடங்கும், உங்கள் மனையில் மட்டும் அடங்காது என்று காட்ட முடிந்தால்தான் ஆணையத்தால் உங்களுக்குச் சாதகமாகக் காரணம் எழுத முடியும். முடியாவிட்டால் உறுப்பினர்கள் எவ்வளவு இரக்கம் கொண்டாலும் பயனில்லை.

தாயாரின் உடல்நிலைக்கு வேறு வழி இருக்கிறது. நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் 1988ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட கூட்டாட்சித் திருத்தத்தின்படி, உடல் இயலாமை உள்ளவர் வீட்டைப் பயன்படுத்தத் தேவையென்றால், உள்ளாட்சி அமைப்பு தன் விதிகளில் நியாயமான தளர்வு அளிக்க வேண்டும். இதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. மருத்துவச் சான்று எடுபடுவதும் அங்கேதான்.

ஆனால் இவை இரண்டுமே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம் என்பது என் எண்ணம். தனிச் சமையலிடமும் குளியலறையும் தனி வாசலும் உள்ள துணைக் குடியிருப்பாக அந்த அறையைத் திட்டமிட்டால், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் 4 அடிக்கு மேல் இடைவெளி கேட்கக் கலிபோர்னியா நகரங்களுக்கு அதிகாரம் இல்லை. விதிகளுக்கு உட்பட்ட விண்ணப்பத்தைப் பொது விசாரணையின்றி அலுவலர்களே அனுமதிக்க வேண்டும். உங்களிடம் 9 அடி இருக்கிறது. விசாரணையை ஒத்திவைக்கக் கோரிவிட்டு, முதலில் ஒரு கட்டட வரைவாளரிடம் இதைப் பேசுங்கள்.

கேள்வி: கடைக்கு இடம் பிடித்து, நகர வணிக உரிமமும் வாங்கி, வாடகை ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டுவிட்டேன். இப்போது, என் உணவகத்துக்கு நிபந்தனை அனுமதி தேவை, திட்ட ஆணையத்தின் முன் வர வேண்டும் என்கிறார்கள். முன்பு அதே இடத்தில் உணவகம் இருந்ததே! கொடுத்த உரிமத்தை மறுக்கலாமா?

பதில்: அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வணிக உரிமம் என்பது பெரும்பாலும் வரிப் பதிவுதான். குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட தொழிலை நடத்தலாமா என்பதை மண்டல விதி தனியாகத் தீர்மானிக்கிறது. எனவே உங்கள் உரிமத்தை யாரும் மறுக்கவில்லை. முன்பிருந்த உணவகம் பழைய விதிகளின் கீழ்த் தொடர அனுமதிக்கப்பட்டதாக இருந்திருக்கலாம். அத்தகைய பயன்பாடு குறிப்பிட்ட காலத்துக்கு நின்றுபோனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று பல ஊர்களின் விதிகள் சொல்வதால், கடை எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்று கட்டட உரிமையாளரிடம் கேளுங்கள். அதற்குச் சான்றாக மின்கட்டண ரசீதுகள் இருந்தால் வாங்கி வையுங்கள். பழைய உணவகத்துக்கே நிபந்தனை அனுமதி இருந்து, அது காலாவதியாகாமல் இருந்தால் உங்கள் வேலை எளிது, ஏனெனில் அதுவும் பொதுவாக இடத்தோடு தொடர்வது.

நிபந்தனை அனுமதியை விதிவிலக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உணவகம் அந்த மண்டலத்துக்கு ஏற்றதுதான் என்று விதியே முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. எந்த நிபந்தனைகளோடு என்பதுதான் கேள்வி. அங்கே உங்கள் இன்னலை யாரும் கேட்கமாட்டார்கள். கார் நிறுத்தும் இடம், கடை மூடும் நேரம், சமையல் புகை, குப்பைத் தொட்டி, விளக்கொளி ஆகியவற்றைக் கேட்பார்கள். பின்பக்கத்து வீட்டுக்காரர்களை விசாரணைக்கு முன்பே சந்தித்து, அவர்கள் கேட்கும் நிபந்தனைகளில் தாங்கக்கூடியவற்றை நீங்களே விண்ணப்பத்தில் எழுதிக்கொடுப்பது நல்லது. அனுமதி கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவு வாடகை ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அதைச் சேர்ப்பதற்கு உரிமையாளரிடம் இன்றே பேசுங்கள்.

கேள்வி: பக்கத்து மனை குறித்த விசாரணை அறிவிப்பு வந்திருக்கிறது. எதிர்ப்பவர்கள் 40 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதுமா?

பதில்: போதாது. விசாரணை வாக்கெடுப்பு அன்று. ஆணையம் சான்றுகளின் அடிப்படையில் முடிவெடுக்கக் கடமைப்பட்டது. எந்த விதி எவ்வாறு மீறப்படுகிறது, உங்கள் வீட்டுக்கு என்ன பாதிப்பு என்பதைப் புகைப்படங்களுடன் விளக்கும் ஒரே கடிதம் அந்த 40 கையெழுத்துகளைவிடப் பயன் தரும். நேரில் வர இயலாவிட்டாலும் கடிதம் பதிவேட்டில் சேரும்; விசாரணை முடிவதற்குள் அது போய்ச் சேர வேண்டும், ஏனெனில் அங்கே எழுப்பப்படாத வாதத்தைப் பின்னர் நீதிமன்றம் கேட்க மறுக்கக்கூடும். ஆணைய உறுப்பினர் எவரையும் தனியே தொலைபேசியில் அழைக்காதீர்கள். அவர் விசாரணையிலிருந்தே விலக நேரிடலாம்.