பழைய வேன் சூடானதும் நின்றுபோகிறது, இசியூ போய்விட்டதா?

சிஓஇ (சிங்கப்பூரில் வாகனம் வைத்திருக்கும் உரிமம்) புதுப்பித்த வேன் சூட்டில் நின்று, ஆறியதும் ஓடினால் முதல் சந்தேகம் எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார்மேல்; எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இசியூ அப்புறம்தான்.

மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சின் ஓடும்போது இசியூ எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில். சென்சார்களுக்கு 5 வோல்ட் வரவில்லையா? பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சார்தான் ஷார்ட். எல்லாம் கழற்றியும் வராமல், வயரிங்கும் 12 வோல்ட் சப்ளையும் சரியாக இருந்தால் இசியூ பெட்டியைத் திறக்கலாம். கெப்பாசிட்டர் அடியில் பழுப்புக் கறை, மீன் வாடை: கசிந்துவிட்டது. போர்டை அரிக்கவில்லையென்றால் 105 டிகிரி வரை தாங்கும் கெப்பாசிட்டர் மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

ஸ்கிராப் கடை இசியூ மலிவுதான், ஆனால் பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) உள்ள வேனில் சாவியை அந்த இசியூவில் பதியாமல் ஸ்டார்ட் ஆகாது. காமன் ரெயில் டீசல் பலவற்றில் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் குறியீட்டையும் இசியூவில் ஏற்ற வேண்டும்; விட்டால் ஐடிலில் குலுங்கும், புகை கக்கும்.