சிபிகே 1.33 வரவில்லை என்றால் புது பிரஸ் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் மதுரைப் பக்கம் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் க்யூசி பார்க்கிறார். பாகம் ஒரு ரப்பர் புஷ். வெளிவிட்டம் 24 மி.மீ., கூடக்குறைய 0.25 வரை போகலாம். வாடிக்கையாளர் சிபிகே 1.33 கேட்கிறார், இவருக்கு 1.1 தாண்டவில்லை. (சிபிகே என்பது, பாகங்களின் அளவு அனுமதித்த எல்லைக்குள் எவ்வளவு நிதானமாக நிற்கிறது என்று காட்டும் எண். கூடினால் நல்லது.) ரப்பரை மோல்டில் அழுத்தி வார்க்கும் பிரஸ் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் முதலாளி. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

நானும் கப்பலூர் பக்கம் இதே ரப்பர் வேலையில், தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன். என் பதில் இதுதான்: பிரஸ் அப்படியே இருக்கட்டும். உங்கள் வெர்னியரையும் அதைப் பிடிக்கிற கைகளையும் முதலில் சோதித்துப் பாருங்கள். சிபிகே என்று கணக்குப் போட்டு எடுக்கிற எண்ணுக்குள் பாகத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் இல்லை, அளவெடுப்பதின் ஏற்ற இறக்கமும் கலந்தே இருக்கிறது. ரப்பரில் அந்தக் கலப்படம் ரொம்ப அதிகம்.

இரும்புத் துண்டை வெர்னியரில் பிடித்தால் தாடை தொட்ட இடத்தில் நின்றுவிடும். ரப்பர் அமுங்கிக் கொடுக்கும். ஒரே புஷ்ஷில் சாக்பீஸால் அடையாளம் போட்டு இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் தாடை தொட்டதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இடைவெளி இல்லை என்று பார்த்து 24.04 என்பார். இன்னொருவர் பழக்கத்தில் கட்டைவிரலால் உருளையை லேசாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு 23.91 என்பார். இரண்டு பேருமே ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான். எவ்வளவு அழுத்தவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

இது சிபிகேவை எவ்வளவு தின்கிறது என்று கணக்காகவே பார்ப்போம். மொத்த டாலரன்ஸ், அதாவது அனுமதித்த வித்தியாசம், 0.50. உங்கள் அளவுகளில் வருகிற சிக்மா, அதாவது அளவுகள் சிதறும் அளவு, 0.075 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிபி என்பது 0.50-ஐ ஆறு சிக்மாவால் வகுப்பது, 1.11 வரும். சராசரி சரியாக நடுவில் இருந்தால் சிபிகேவும் அதுவே. இப்போது அளவெடுப்பின் சிக்மா மட்டும் 0.042 என்று தெரியவருகிறது. சிக்மாவை நேராகக் கழிக்கக் கூடாது, இரண்டையும் வர்க்கமாக்கித்தான் கழிக்கவேண்டும். கழித்தால் பாகத்தின் உண்மையான சிக்மா 0.062 தான். அதை வைத்து சிபி போட்டால் 1.34. அதே பிரஸ், அதே மோல்டு, அதே ஆட்கள். கணக்கு சுலபமாகப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஆனால் ரப்பர் வேலையில் இப்படி வருவது அதிசயமில்லை.

உங்கள் அளவெடுப்பின் சிக்மா எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் கேஜ் ஆர் அண்ட் ஆர், அதாவது ஒரே பாகங்களைப் பலர் பல தடவை அளந்து பார்க்கும் சோதனை. 10 புஷ், 3 பேர், ஒவ்வொருவரும் 3 தடவை, ஆக 90 அளவுகள். இதில் பலர் சறுக்குவது புஷ்ஷைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். ஒரே ட்ரேயிலிருந்து நல்லதாகப் பார்த்துப் பத்தை எடுப்பார்கள். அப்படி எடுத்தால் பாகத்துக்குப் பாகம் வித்தியாசமே இருக்காது, மொத்த ஏற்ற இறக்கத்தில் அளவெடுப்பின் சதவீதம் தாறுமாறாக ஏறிவிடும். வேறு வேறு நாள், வேறு வேறு கேவிட்டி (மோல்டில் ஒவ்வொரு பாகமும் உருவாகும் குழி), இரண்டு ஷிப்ட் என்று உங்கள் உற்பத்தியின் முழு வீச்சையும் காட்டுகிற மாதிரி எடுங்கள். ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ரப்பரை, அதாவது ஃப்ளாஷை, முதலில் நீக்கிவிடுங்கள். மோல்டின் இரண்டு பாதியும் சேரும் பார்ட்டிங் லைனில் இருந்து எங்கே அளப்பது என்று குறித்துவிடுங்கள், புஷ் சரியான வட்டமாக இல்லாவிட்டால் அந்தக் குறையும் கேஜ் கணக்கில் ஏறிவிடும். எண்ணை அடியில் எழுதி, வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். போன தடவை என்ன வாசித்தோம் என்று அளப்பவருக்குத் தெரியவே கூடாது.

வாகனத் துறையின் ஏஐஏஜி அமைப்பு வெளியிட்ட எம்எஸ்ஏ (அளவெடுப்பைச் சோதிக்கும் முறை) கையேடு சொல்லும் எல்லை தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 30-ஐத் தாண்டினால் ஆகாது, நடுவில் இருந்தால் வேலையைப் பொறுத்து முடிவு. மேலே போட்ட கணக்கில் டாலரன்ஸோடு ஒப்பிட்டால் 50 சதவீதம் வருகிறது. இன்னொரு எண்ணையும் பாருங்கள், என்டிசி, அதாவது அந்த அளவெடுப்பால் பாகங்களை எத்தனை வகையாகப் பிரித்துக் காட்ட முடியும் என்பது. 5 ஆவது இருக்கவேண்டும். அந்தக் கணக்கில் 2 தான் வரும். அதாவது பெரிசு, சிறிசு என்று இரண்டாகப் பிரிப்பதற்கு மேல் அந்த அளவெடுப்பால் முடியாது. அதை வைத்துக்கொண்டு இரண்டாவது தசமத்தில் சிபிகே பேசுவதில் அர்த்தமே இல்லை.

வெர்னியரில் காலிப்ரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறதே என்பார்கள். காலிப்ரேஷன் செய்கிறவர் ஸ்லிப் கேஜ் என்கிற துல்லியமான எஃகுக் கட்டையில் வைத்து, குளிரூட்டிய அறையில், தேர்ந்த கையால் பார்க்கிறார். கருவியில் பழுதில்லை என்று அது சொல்லும். உங்கள் ரப்பரில், உங்கள் ஷெட்டில், உங்கள் ஆட்கள் கையில் என்ன வரும் என்று சொல்லாது. ரெண்டும் வேண்டும்.

முடிவு வந்ததும் ஆள் பங்கு பெரிதா, கருவி பங்கு பெரிதா என்று பிரித்துப் பாருங்கள். ஆள் பங்கு பெரிதென்றால் முறையில் கோளாறு. ரப்பருக்கு நல்ல வழி, தொடாமல் அளப்பது. பாகத்தின் நிழலைத் திரையில் பெரிதாக்கி அளக்கும் ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர் இருக்கிற இடத்தில் போய் அதே பத்து புஷ்ஷையும் ஒரு தரம் அளந்து வாருங்கள். அப்போது இன்னொன்றும் தெரியும்: வெர்னியர் அழுத்தத்தால் உங்கள் சராசரியே கீழே இறங்கியிருக்கலாம். சிபிகே நடுவிலிருந்து விலகினாலும் குறையும் என்பதால் இந்த ஒரு பழக்கமே இரண்டு பக்கமும் அடிக்கிறது. எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ரப்பர் சோதனைக்கான ஐஎஸ்ஓ நடைமுறை, மோல்டிலிருந்து எடுத்து 16 மணி நேரமாவது கழித்துச் சோதிக்கச் சொல்கிறது. வெப்பநிலை 23 டிகிரி, நம் மாதிரி வெப்ப நாடுகளுக்கு 27, கூடக்குறைய 2. சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள், பிரஸ் பக்கத்திலேயே சுடச்சுட அளந்தால் என்ன வரும்? ஒரு மூலையில் சின்ன ஏசி அறை போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

கடினம் பார்க்கிற ஷோர் ஏ மீட்டரிலும் இதே கதைதான். முள் தொட்டதும் வாசிப்பவருக்கும் 3 விநாடி கழித்து வாசிப்பவருக்கும் ஒரே எண் வராது.

இதில் எனக்கு மனசு வேகிற இடம் ஒன்று உண்டு. எண் சரியில்லை என்றதும் பிரஸ் ஆபரேட்டரைக் கூப்பிட்டு நிறுத்துவது. அவர் அந்த எண்ணைக் கேள்வி கேட்க முடியாது, போனஸில் கை வைத்தாலும் பேச முடியாது. அந்த எண்ணில் ஒரு பங்கு அவருடையதே இல்லை. ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி எக்செலில் உட்கார்ந்து 90 எண்களை நிரப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தத் தாள் ஆடிட்டரை ஏமாற்றுவதைவிட அந்த ஆபரேட்டரைத்தான் அதிகம் காயப்படுத்துகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அளவெடுப்பைச் சரிசெய்தும் சிபிகே போதவில்லை என்றால், கேவிட்டி வாரியாகப் பிரியுங்கள். 16 கேவிட்டி மோல்டில் எல்லாவற்றையும் கொட்டி ஒரே கணக்காகப் போட்டால், ஒவ்வொரு கேவிட்டியும் ஒழுங்காக இருந்தும் மொத்தச் சிக்மா பெருத்துவிடும். மூலையில் இருக்கிற கேவிட்டிகள் மட்டும் விலகி நின்றால், பிளாட்டனின் (பிரஸ்ஸின் சூடேறும் தட்டு) நான்கு மூலையிலும் நடுவிலும் வெப்பத்தை அளந்து பாருங்கள். ஒரு ஹீட்டர் ராடு செத்துப்போயிருக்கலாம். அளவுகளை நேர வரிசையில் குறிக்கும் கன்ட்ரோல் சார்ட்டில் புள்ளிகள் அடங்கி ஓடுகிறதா என்று சில நாட்கள் பார்த்தபிறகு சிபிகே எடுங்கள். வாடிக்கையாளருக்குப் பழைய ஆர் அண்ட் ஆர், முறை மாற்றியபின் எடுத்த ஆர் அண்ட் ஆர், புது சிபிகே மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். வாடிக்கையாளர் பக்கம் சப்ளையர் தரத்தைப் பார்க்கிற, விவரம் தெரிந்த எந்த எஸ்க்யூஏவும் இதைத் தள்ளமாட்டார். உங்கள் 90 அளவுகளையும் கமெண்டில் போட்டால் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.