காப்பு அடகில், காப்புறுதி கையில்

கேள்வி: நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் வசிக்கும் அரச பாடசாலை ஆசிரியை, வயது 47. தச்சுப் பட்டறை நடத்தும் என் கணவருக்கு ஒன்பது வருடமாகச் சலரோகம். காப்புறுதி முகவராக இருக்கும் என் பெறாமகன், “பெரியாஸ்பத்திரியை நம்பியிருக்க ஏலாது” என்று சொல்லிக் கணவர் பெயரில் ஒரு காப்புறுதி எடுத்துத் தந்தார். ஆண்டுக்கு 144,000 ரூபாய். நான்கு முறையும் ஒவ்வொரு சோடிக் காப்பை அடகு வைத்தே கட்டினேன். அரச வைத்தியசாலையா, தனியார் காப்புறுதியா, எதை நம்புவது?

பதில்: உங்கள் கேள்வியை விட, நீங்கள் அனுப்பிய அடகுச் சீட்டுகளே என்னை அதிகம் கவலைப்படுத்தின. நூற்றுக்கு 16 வட்டியில் ஒரு சோடிக்கு வருடம் ஏறத்தாழ 23,000 ரூபாய். வருடா வருடம் ஒரு சோடி கூடியதால் இதுவரை வட்டியாக மட்டும் 230,000 வரை போயிருக்கிறது. அசல் 576,000 அசையாமல் நிற்கிறது. இவ்வளவுக்கும், கட்டும் 144,000 ரூபாயில் வைத்தியசாலைச் செலவுக்கான பகுதி வெறும் 38,000 என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மீதி ஆயுள் காப்புறுதிக்கும் ‘சேமிப்புக்கும்’. வட்டிக்கு வாங்கிச் சேமிப்பவரை இப்போதுதான் காண்கிறேன் என்று எழுதலாம், ஆனால் அது பொய்யாகிவிடும்.

இன்னொன்று. விண்ணப்பத்தில் சலரோகம் உண்டா என்ற கேள்விக்கு எதிரே, உங்கள் கணவரின் எழுத்தல்லாத எழுத்தில், ‘இல்லை’ என்றிருக்கிறது. நாளை காலில் ஒரு புண்ணுக்காக அவர் அனுமதிக்கப்பட்டால், ஒன்பது வருடக் கிளினிக் கொப்பியைப் பார்த்த கையோடு நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்கலாம்.

அரசா தனியாரா என்ற விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டை எல்லோரும் பார்த்தோம். கிளினிக் வரிசையும் பொய்யல்ல. எனினும், காலையில் போதனா வைத்தியசாலையில் பார்க்கும் வைத்திய நிபுணரே பல வேளைகளில் மாலையில் தனியாரிடமும் பார்க்கிறார். சலரோகக்காரரின் கைப்பணம் கரைவது வைத்தியசாலை விடுதியில் படுத்தல்ல. வெளியில் வாங்கும் மருந்துக்கும், இரத்தப் பரிசோதனைக்கும், வைத்தியரைக் காணும் கட்டணத்துக்கும்தான். விடுதியில் தங்கினால் மட்டுமே பணம் தரும் உங்கள் ஒப்பந்தம் அவற்றைத் தொடுவதே இல்லை. மேலும், அரச ஊழியரான உங்கள் சம்பளத்தில், அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதியான ‘அக்ரஹார’வுக்கென மாதாமாதம் கழிக்கிறார்கள். அது கணவரையும் உள்ளடக்கும். அதில் ஒரு முறையாவது கோரியிருக்கிறீர்களா?

ஐந்தாவது சோடியை வீட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். இப்போது நிறுத்தினால் கைக்கு எவ்வளவு வரும் என்று நிறுவனத்திடமே, பெறாமகன் மூலமாக அல்லாமல், எழுத்தில் கேளுங்கள். வருவதைக் கொண்டு ஒரு சோடியை மீட்டு, தங்கம் விற்கும் இன்றைய விலையில் அதை விற்று மற்றவற்றைத் திருப்புங்கள். விற்க மனம் வராது என்பது தெரியும், ஆனால் ஏலத்தில் நான்கையும் இழப்பதைவிட இது மேல். பிறகு மிஞ்சும் வட்டிப் பணத்தில், மாதம் 7,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் மருந்துக்கென்றே போடுங்கள்.

பெறாமகன் முகம் சுளிப்பார். முகவருக்குப் பெரிய தரகு முதல் வருடத்தில்தான். அவர் அதை எப்போதோ வாங்கிவிட்டார்.