பழைய லோடர் டிராக்டர்: முன் ஆக்ஸிலைப் பார்த்து விலை பேசுங்கள்

கேள்வி: ஆனைமலை பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது, நாலு மாடும் உண்டு. எரு அள்ள, மட்டையை ஒதுக்க, தோப்புப் பாதையை நிரவ, லோடர் (முன்னால் பக்கெட்டோடு மண், எரு அள்ளித் தூக்கும் கை) வைத்த பழைய டிராக்டர் ஒன்று நாலு லட்சத்துக்குள் பார்க்கிறேன். தரகர் இரண்டு வண்டி காட்டினார். ஒன்று 35 எச்.பி., சாதா ஸ்டீயரிங், லோடர் மாட்டியே இருக்கிறது. மற்றது 45 எச்.பி., பவர் ஸ்டீயரிங், லோடர் கிடையாது. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பது?

பதில்: லோடர் இல்லாத 45 எச்.பி. வண்டியை எடுங்கள். லோடரை எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பத்து வருஷம் லோடர் சுமந்து தேய்ந்த முன்பாகத்தைச் சரிசெய்ய இறங்கினால், வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்கும் வரை வேலை போகலாம்.

சுமை எங்கே விழுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் கன மீட்டர் பக்கெட்டில் ஈர மண் அள்ளினால் சுமார் 400 கிலோ. அது முன் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் முன்னால் தொங்குகிறது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி சுமார் 1.9 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன் ஆக்ஸிலில் 400 அல்ல, 610 கிலோ ஏறும். பின் ஆக்ஸிலில் 210 கிலோ குறையும். லோடர் சட்டத்தின் சொந்த எடை இதற்கு மேல் தனி. இவ்வளவு சுமையோடு நின்ற இடத்தில் சாதா ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாது. முடிந்தாலும் ஸ்டீயரிங் பாக்ஸும் பால் ஜாயின்ட்டும் நாள்பட நிற்காது. லோடர் வேலைக்குப் பவர் ஸ்டீயரிங் கட்டாயம் என்பதே எங்கள் கருத்து. எச்.பி. எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பின்பாரம் குறைவதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். டூ வீல் டிரைவ் டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். நிறைந்த பக்கெட்டோடு சரிவில் இறங்கும்போது பின்சக்கரம் லேசானால் பிரேக் மிதித்தும் வண்டி வழுக்கும். எனவே லோடர் மாட்டும் நாளிலேயே பின்பாரமும் ஏற்றுங்கள். பின்டயர் ட்யூபில் வால்வு உச்சியில் இருக்கும்படி நிறுத்தி, வால்வு மட்டம் வரை தண்ணீர் ஏற்றினால் முக்கால் பங்கு நிறையும், 13.6-28 டயர் ஒன்றுக்குச் சுமார் 180 முதல் 200 லிட்டர் பிடிக்கும். அதோடு பின்னால் கலப்பை மாட்டும் மூன்று பாயின்ட் இணைப்பில் 400 கிலோ கான்கிரீட் கட்டை ஒன்று. அது முன் ஆக்ஸிலிலிருந்து 190 கிலோ வரை எடுத்துவிடும்.

முதல் வண்டியை விட மனமில்லை என்றால், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்வதற்கு முன்னால் கீழே குனிந்து பெல் ஹவுசிங்கை, அதாவது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கிளட்ச் ஹவுசிங்கைப் பாருங்கள். டிராக்டருக்கு லாரி போலத் தனிச் சேசிஸ் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் மூன்றும் போல்ட்டில் இணைந்து அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. லோடர் சட்டத்தை இன்ஜின் பக்கத்தில் மட்டும் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தால், ஒவ்வொரு முறை பக்கெட் மண்ணில் முட்டும்போதும் அந்த இணைப்புதான் வளைகிறது. அங்கே விரிசல், பற்றவைத்த தழும்பு, சமீபத்தில் மாற்றிய போல்ட், ஆயில் கசிந்த கறை, புதுப் பெயிண்ட் என எது தெரிந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். காஸ்ட் அயர்னில் வைத்த வெல்டிங் இந்தச் சுமைக்கு நம்பத் தக்கதில்லை. சரியாகப் போட்ட லோடரில் சட்டம் பின் ஆக்ஸில் வரை நீண்டு அங்கேயும் பிடித்திருக்கும்.

அடுத்தது முன் ஆக்ஸில். நடுவில் ஜாக்கி வைத்து இரண்டு முன்சக்கரத்தையும் தூக்குங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் ஹப் பேரிங். சக்கரத்தோடு ஸ்டப் ஆக்ஸிலும் (சக்கரம் மாட்டிய குட்டைத் தண்டு) சேர்ந்து ஆடினால், சக்கரம் திரும்ப உதவும் கிங் பின் (king pin) என்ற தண்டைச் சுற்றியுள்ள புஷ் எனும் உலோக வளையம். இந்த இரண்டும் உள்ளூர் மெக்கானிக் முடிக்கிற வேலை, விலையில் கழித்துக்கொள்ளலாம். கடப்பாரையால் ஆக்ஸிலை முன்னும் பின்னுமாக நெம்பும்போது ஆக்ஸிலை நடுவில் தாங்கும் பின்னில் (pin) ஆட்டம் தெரிந்தால் கொஞ்சம் யோசியுங்கள்: புஷ் மட்டும் தேய்ந்ததா, அந்தப் பின் உட்காரும் ஓட்டையே அகன்றுவிட்டதா? ஓட்டை அகன்றிருந்தால் லேத்தில் போரிங் செய்து புஷ் இறக்க வேண்டும். முன்டயர் 6.00-16 ஆக இருந்தால் லோடருக்கு அது மெலிது. 7.50-16, ப்ளை (டயரின் அடுக்கு) அதிகமானது வேண்டும்.

பிறகு ஹைட்ராலிக். பழைய மாசி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் லிஃப்ட் பம்ப் பின் ஹவுசிங் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும். கலப்பை தூக்கப் போதும், லோடருக்குப் போதாது. ஆகவே லோடருக்குத் தனிப் பம்ப், தனி டேங்க் வைத்திருப்பார்கள். அந்தப் பம்ப் எங்கிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். முன்னால் கிராங்க் புல்லியிலிருந்து ஓடினால் நல்லது. பின்னால் பி.டி.ஓ.விலிருந்து (ரொட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் தண்டு) ஓடினால், வண்டியில் டூயல் கிளட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்த நொடியே பி.டி.ஓ.வும் நின்றுவிடும், பக்கெட் பாதியில் நிற்கும். டிரெய்லருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியபடியே பக்கெட்டைத் தூக்க முடியாமல் தவிப்பீர்கள். டூயல் கிளட்சில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே மாடலில் இரண்டு வகையும் வந்திருக்கும் என்பதால் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அரை மணி நேரம் வேலை வாங்கி ஆயில் சூடான பிறகு, பக்கெட்டில் மண் அள்ளி இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். சிலிண்டர் ராடில் சாக்பீஸால் கோடு போட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். யாரும் அடியில் போகக் கூடாது. கோடு இரண்டு விரல்கடைக்கு மேல் நகர்ந்தால் சிலிண்டர் சீலோ கன்ட்ரோல் வால்வோ உள்ளே கசிகிறது. சீல் கிட் பெரிய செலவில்லை. ஆனால் ராடின் குரோம் உரிந்து புள்ளி புள்ளியாகத் துருவேறியிருந்தால் புதுச் சீலையும் சில வாரத்தில் அறுத்துவிடும். லோடர் கைகளின் மூட்டில் உள்ள பின் (pin), புஷ் ஆகியவற்றின் தேய்வையும் பாருங்கள். பக்கெட்டைத் தரையில் ஊன்றி மேலும் கீழும் அசைத்தால் எங்கே இடைவெளி என்று கண்ணுக்கே தெரியும்.

இன்ஜின் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: காலையில் குளிர்ந்த இன்ஜினாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள். நீலப் புகை, பிரீதரிலிருந்து (இன்ஜினின் காற்றுப்போக்கி) விடாமல் அடிக்கும் புகை, பால் போல் வெளுத்த ஆயில், இவை மூன்றும் இல்லையென்றால் மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: ஹவர் மீட்டர் 3,200 காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: மீட்டரை மட்டும் வைத்து நம்பாதீர்கள். கிளட்ச் பெடல் ரப்பர், சீட், கியர் லீவர் குமிழ், ஸ்டீயரிங் வளையம் ஆகியவற்றின் தேய்வு அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அதைவிட முக்கியம், வண்டி எங்கே ஓடியது என்பது. லோடர் வண்டி முன்னும் பின்னுமாக நிமிஷத்துக்கு ஒருமுறை கிளட்ச் வாங்கும். செங்கல் சூளையிலோ மணல் யார்டிலோ ஆயிரம் மணி ஓடிய லோடரும் தோப்பில் ஆயிரம் மணி ஓடிய லோடரும் ஒன்றாகாது. பெடலின் இலவச ஆட்டம் சரியாக இருந்தும் டாப் கியரில் சுமையோடு கிளட்ச் நழுவினால், பிளேட் மாற்ற வண்டியைப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: உண்மையில் எனக்குச் சொந்த லோடர் தேவையா?

பதில்: எருவை வைத்தே கணக்கிடலாம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை, ஐந்து ஏக்கருக்கு 350. மரத்துக்கு வருஷம் 50 கிலோ தொழு உரம் என்ற பரிந்துரைப்படி 17.5 டன். எரு மண்ணைவிட லேசு. அதே பக்கெட்டில் 150 கிலோதான் வரும். சுமார் 120 பக்கெட். ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் ஆறு மணி நேர வேலை. நாலு மாட்டின் எரு இதைவிடப் பெரிதாக மிஞ்சாது. மட்டையும் பாதை வேலையும் சேர்த்தால் வருஷத்தில் சில நாள். இதற்காக முன்பாகம் தேய்ந்த வண்டியை வருஷம் முழுக்கக் கட்டிக்காப்பது சரியாகப் படவில்லை. 45 எச்.பி. வண்டியை உழவுக்கும் டிரெய்லருக்கும் ரொட்டவேட்டருக்கும் ஓட்டுங்கள். லோடர் வேலை வரும் நாளில் வாடகைக்கு எடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் மணிக்கணக்கில் இயந்திரங்கள் வாடகைக்குத் தருகிறது, இ-வாடகை செயலியில் முன்பதிவு செய்யலாம். மாடு பத்துப் பதினைந்தாகப் பெருகி அன்றாடம் சாணம் அள்ள வேண்டிவந்தால் அப்போது லோடர் மாட்டுங்கள். மாட்டியிருக்கும் பின்களை (pin) உருவினால் இறங்கிவிடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், உழவு நேரத்தில் முன்னால் அந்த எடை தேவையில்லை. கெட்டித் தரையைத் தோண்டுவது எந்த டிராக்டர் லோடருக்கும் உரிய வேலையில்லை. அதற்கு ஜே.சி.பி.யைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காகிதங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆர்.சி.யில் உள்ள சேசிஸ், இன்ஜின் எண்களை வண்டியில் துடைத்துப் படித்து ஒப்பிடுங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். கெடு முடிந்த வண்டி என்றால் புதுப்பித்துத் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். கடன் இருந்த வண்டிக்கு வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் ஆட்சேபணை இல்லாச் சான்றான படிவம் 28 வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் விவசாயப் பயன்பாடு என்று மட்டும் இருந்தால், லோடரை வெளியே கட்டட வேலைக்கு வாடகைக்கு விடும் நாளில் நடக்கும் விபத்துக்கு இழப்பீடு மறுக்கப்பட இடமிருக்கிறது. அந்த எண்ணம் இருந்தால் பாலிசியை முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.