வயலின் ரோபோவும் வலக்கையும்

அன்புள்ள சார்,

2007-ல் டொயோட்டா காட்டிய வயலின் ரோபோவின் காணொளியைப் பார்த்தேன். இரு கைகளிலுமாக 17 மூட்டுகளாம். என் காதுக்குச் சுருதி விலகவில்லை, தாளம் பிசகவில்லை. ஆனாலும் உயிரில்லை. மனிதனைப்போல அங்கங்கே சின்னப் பிழைகளைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

ஆகாது என்றுதான் நினைக்கிறேன். சுருதி இடக்கையின் வேலை. ரோபோ மாட்டிக்கொள்வது வில் பிடிக்கும் வலக்கையில்.

வில் தந்தியை வழவழவென்று உரசிக்கொண்டு போவதில்லை. பிடிக்கிறது, விடுகிறது. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரமென்றால் நொடிக்கு 440 தடவை. அழுத்தம் குறைந்தால் பிடி நழுவி நாதம் மெலியும், கூடினால் கரகரக்கும். எவ்வளவு அழுத்தலாம் என்பதோ வில்லின் வேகத்துக்கும், குதிரையிலிருந்து, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்னக் கட்டையிலிருந்து, எவ்வளவு தள்ளி இழுக்கிறோம் என்பதற்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

சி.வி. ராமன் 1920-ல், கல்கத்தாவில் இருந்தபோது, இயந்திரம் வாசிக்கும் வயலினைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால் அதில் வில் அசையாது, வயலின்தான் முன்னும் பின்னும் போய்வரும்! ஸ்வரம் நிற்கக் குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளக்க வேண்டியிருந்தது. மனிதக் கை ஒரே அழுத்தத்தில் நிற்காதே, அதனால் இயந்திரம். அவர் விலக்க நினைத்ததைத்தான் நாம் கச்சேரியில் காசு கொடுத்துக் கேட்கிறோம்.

நீங்கள் சொல்வதுபோல மேலே எதையாவது சேர்க்கும் யோசனையும் பழசுதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவில் 'வயலானோ' என்று ஒரு தானியங்கி வயலின் செய்தார்கள். வில்லுக்குப் பதில் சுழலும் சின்னச் சக்கரங்கள். ஸ்வரம் அசைய வேண்டுமென்று, தந்திகளின் அடிக்கட்டையை ஒரு மின்காந்தம் உலுக்கும். சோகமோ சந்தோஷமோ, உலுக்கல் ஒன்றுதான்.

என் தங்கை மகள் சரளி வரிசை பழகுகிறாள். வில்லைத் திருப்பும் இடத்தில் ஒரு 'கர்' வரும், வந்ததுமே முகத்தைச் சுளிப்பாள். இப்போது திரும்புவதற்குக் கொஞ்சம் முன்பே கை தானாக இளகிவிடுகிறது. அவள் பிழை குலுக்கல் சீட்டில் விழுந்ததல்ல. காது பிடித்து, கை திருத்துவது. நேற்று மழை ஈரத்தில் வில் மயிர் தளர்ந்து நாதம் மங்கியது. வில்லைக் குதிரைப் பக்கமாக நகர்த்தி இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். ஏன் என்று கேட்டேன். "என்ன மாமா?" என்றாள். மாற்றியதே அவளுக்குத் தெரியவில்லை.