‘டிராப்’ பட்டனை அழுத்தும் முன்: ஒரு அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் வாட்ஸ்அப் செய்தியை இரண்டு முறை படித்தேன். மகள் அமெரிக்காவில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் செமஸ்டர், எட்டாவது வாரம். அல்காரிதம்ஸ் மிட்டெர்மில் நூற்றுக்கு 38. “அந்தப் பாடத்தை டிராப் பண்ணிடட்டுமாப்பா?” என்று நடுராத்திரியில் போன். கடைசியில் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: “இது அரியர் மாதிரியா மேடம்?”

இல்லை. நம் ஊரில் பரீட்சை எழுதாமல் விட்டால் அது அரியராக உட்கார்ந்துகொள்ளும். கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’ என்று தோண்டுவார்கள். அங்கே பாடத்தைப் பதிவு செய்வதும் விடுவதும் மாணவர் கையில். செமஸ்டரின் முதல் ஓரிரு வாரத்துக்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் கிரேடு வரவேண்டிய இடத்தில் ‘டபிள்யூ’ என்று ஓர் எழுத்து விழும். ஜிபிஏ என்ற கிரேடு சராசரிக் கணக்கில் அது சேராது. ஒரே ஒரு டபிள்யூவைக் காரணம் காட்டி வேலை கிடைக்காமல் போனதாக என்னிடம் யாரும் வந்து சொன்னதில்லை. நாலைந்து வரிசையாக நின்றால் கதை வேறு. இப்படி விடுவதற்கும் கடைசித் தேதி உண்டு. பல இடங்களில் ஒன்பதாவது, பத்தாவது வாரத்தோடு கதவு மூடிவிடும். அந்தத் தேதியைப் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் காலண்டரில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

டபிள்யூ போகட்டும். என் கவலை விசாவைப் பற்றி.

எஃப்-1 விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். பாடத்தின் அளவைக் கிரெடிட்டில் கணக்கிடுவார்கள். இளநிலைக்கு 12 கிரெடிட் என்று விதியிலேயே இருக்கிறது. முதுநிலைக்குப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும், பெரும்பாலும் 9. உங்கள் மகள் எடுத்திருப்பது மூன்று பாடம், சரியாக 9. ஒன்றை விட்டால் 6. முன் அனுமதி இல்லாமல் அப்படிக் குறைந்தால் ஸ்டேட்டஸ், அதாவது மாணவராக அங்கே சட்டப்படி தங்கும் தகுதி, போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன ஒரு பையன் இதில்தான் மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ரூமில் தனியாக, ஸ்டூடன்ட் போர்ட்டலைத் திறந்திருக்கிறான். பாடத்தின் பெயருக்கு எதிரே ஒரு சின்னப் பெட்டி, அதில் ‘டிராப்’. உறுதிதானா என்று கேட்டது, ஆமாம் என்றான், முடிந்தது. போர்ட்டல் தடுக்கவே இல்லை. பாடத்தை நீக்குவது மட்டும்தான் அதன் வேலை, விசா அதற்குத் தெரியாது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மெயில் வந்த பிறகுதான் அவனுக்கு விஷயமே புரிந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்காக அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் என்ற பதிவேட்டில் அவன் பதிவு ரத்து. ஸ்டேட்டஸைத் திரும்பக் கேட்டு ஐ-539 மனு, வக்கீல் செலவு, மாதக்கணக்கில் காத்திருப்பு. அவன் முதலில் டிஎஸ்ஓவைப் பார்த்து அனுமதி வாங்கிவிட்டு அதே பாடத்தை அடுத்த நாள் விட்டிருந்தால் இது எதுவுமே இல்லை.

டிஎஸ்ஓ என்பவர் அந்த அலுவலகத்தில் மாணவர்களின் செவிஸ் பதிவைக் கையாளும் அதிகாரி. கிரெடிட்டைக் குறைக்க அனுமதி தர அவரால் முடியும், ஆனால் காரணம் விதிக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ ஆரம்பக் கட்டச் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாமை, தகுதிக்குப் பொருந்தாத நிலையில் பாடம் அமைந்துவிட்டது, இவை ஒரு வகை. ‘ஜிபிஏ இறங்கிடும்’ என்பது இந்தப் பட்டியலில் கிடையாது. முதல் செமஸ்டர் மாணவிக்குக் கற்பித்தல் முறை புதிது என்பது பல நேரம் உண்மையாகவே இருக்கும். அவர் நிலைமை அதுதான் என்றால் அதை அப்படியே சொல்லட்டும். இந்தச் சலுகை ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு ஒரே ஒரு முறைதான். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டர் முழு அளவுக்குத் திரும்ப வேண்டும். உடல்நிலை, மனநிலை காரணம் என்றால் வழி தனி: மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற உளவியல் நிபுணரின் கடிதம் வேண்டும், மொத்தம் 12 மாதம் வரை கிடைக்கும். மகள் சரியாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேட்டீர்களா? செய்தியில் மார்க் மட்டும்தான் இருந்தது, அதனால் கேட்கிறேன்.

சரி, விட்டே ஆக வேண்டுமா? நமக்கு 35 பாஸ் என்று ரத்தத்தில் ஊறிவிட்டது. அங்கே பல பேராசிரியர்கள் வகுப்புச் சராசரியை ஒட்டித்தான் கிரேடு போடுவார்கள், 38 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. வகுப்புச் சராசரி 42 என்றால் அவர் பி கிரேடு பக்கத்தில் நிற்கக்கூடும். 75 என்றால் நிஜமாகவே சிக்கல். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ‘ஆபீஸ் ஹவர்’ நேரத்தில் போய், “இதுவரை வந்ததை வைத்து நான் எங்கே நிற்கிறேன்?” என்று கேட்டால் பதில் கிடைக்கும். நம் பிள்ளைகள் அந்த அறைக்குப் போகக் கூச்சப்படுகிறார்கள்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மற்ற இரண்டிலும் ஏ மைனஸும் பி பிளஸும் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள்: நான்குக்கு 3.7, 3.3. அல்காரிதம்ஸை விட்டால் சராசரி 3.5. அதில் சி (2.0) வாங்கினால் சராசரி 3.0, முதுநிலையில் பொதுவாகக் கேட்கப்படும் கோடு. எஃப் (பூஜ்யம்) வாங்கினால் 2.33, ‘புரொபேஷன்’ என்ற எச்சரிக்கைக் கடிதம் வீடு தேடி வரும். ஆக, சி நிச்சயம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம். ஆனால் சில துறைகளில் கோர் (கட்டாய) பாடத்தில் சி வந்தால் பட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள், மறுபடி எடுக்க வேண்டும். துறை அட்வைசரிடம் இந்த ஒன்றையும் கேட்கட்டும்.

இன்னொரு வழியும் சில இடங்களில் உண்டு: செமஸ்டரின் பின்பாதியில் தொடங்கும் பாடம். அதைச் சேர்த்துக்கொண்டு இதை விட்டால் 9 குறையாது. எட்டாவது வாரம் என்பதால் பதிவு இன்னும் திறந்திருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். அது ஆன்லைன் பாடமாக இருந்தால் கவனம். ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம், 3 கிரெடிட் வரைதான் விசா கணக்கில் ஏறும்.

பணம்: எட்டாவது வாரத்தில் விட்டால் ரீஃபண்ட் எதிர்பார்க்காதீர்கள். அதே பாடத்துக்கு இன்னொரு முறை கட்டணம் வரும். படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் கல்விக்கடன் கொடுத்த கிளையில் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள், தவணை தொடங்கும் தேதி படிப்பு முடியும் தேதியை வைத்துத்தான்.

நீங்களே பல்கலைக்கழகத்துக்கு போன் செய்யட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 1974-இல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மகளுக்குத்தான். அவர் எழுத்தில் சம்மதம் தராமல் பெற்றவரிடம் பொதுவாக வாய் திறக்க மாட்டார்கள்.

இன்று இரவு போன் வந்தால் மிட்டெர்மைப் பற்றிப் பேச வேண்டாம். வகுப்புச் சராசரி எவ்வளவு, கடைசித் தேதி எது, டிஎஸ்ஓ அப்பாயின்ட்மென்ட் எப்போது, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். அதுவரை போர்ட்டலில் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிழக்குக் கரையில் காலை பத்து மணி என்றால் இப்போது நமக்கு இரவு ஏழரை. அவர் டிஎஸ்ஓ அறையிலிருந்து வெளியே வந்ததும் அழைக்கச் சொல்லுங்கள்; அப்புறம் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.