குடிகாரக் கவிஞருக்கு ஒரு சங்கமா?

அன்புள்ள சார்,

டிலன் தாமஸ் பற்றி எழுதும்போது அவர் பெயரில் ஒரு சங்கம் இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. 39 வயதில் குடித்தே செத்தவர், பார்த்தவர்களிடமெல்லாம் கடன் வாங்கியவர், பிரிட்டனில் வேல்ஸ்காரராக இருந்தும் அங்கத்து வெல்ஷ் மொழியில் எழுதாமல் ஆங்கிலத்தில் எழுதியவர். அவரை வேல்ஸின் பெருங்கவிஞர் என்று கொண்டாட ஒரு சங்கம் எதற்கு? இந்த மாதிரிச் சங்கங்கள் கடைசியில் துதிபாடும் கூட்டமாகத்தானே முடிகின்றன?

கே.

அன்புள்ள கே.,

துதிபாடும் கூட்டமாக முடிகிற சங்கங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கத்துக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை உங்கள் கடிதமே காட்டிவிடுகிறது. டிலன் தாமஸ் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வந்தது குடி, கடன், சாவு. கவிதை ஒன்றுகூட வரவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான்.

முதலில் அந்தச் சாவு. 1953 நவம்பரில் நியூயார்க்கில், பதினெட்டு விஸ்கி குடித்ததாக அவரே பீற்றிக்கொண்டார், உலகமும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே நெஞ்சில் கோளாறோடு மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தவருக்கு, ஓட்டல் அறைக்கு வந்த டாக்டர் மார்பின் ஊசி போட்டார், நினைவு தப்பியது, திரும்பவில்லை. பிரேதப் பரிசோதனையில் நிமோனியாவும் மூளை வீக்கமும் தெரிந்தன. அளவில்லாமல் குடித்தவர்தான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் 'குடித்தே செத்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

வேல்ஸில் லார்ன் என்கிற சின்ன ஊரில், டாஃப் ஆற்றின் கழிமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் ஒரு ஷெட் இருக்கிறது. காரை நிறுத்தக் கட்டியதாம், அதில் உட்கார்ந்துதான் கடைசிக் காலத்தில் எழுதினார். இப்போது கதவிலுள்ள கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கலாம்: நாற்காலியில் ஒரு கோட்டு, தரையில் கசக்கிப் போட்ட காகிதங்கள். எல்லாம் வருகிறவர்களுக்காகச் செய்துவைத்த ஜோடனை, எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் கசக்கிய காகிதம் பொய்யில்லை. 1952-ல் வந்த தன் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரையாக அவர் ஒரு கவிதையே எழுதினார். 102 வரி. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இயைபு, இரண்டாவதற்கும் கடைசிக்கு முந்தியதற்கும் இயைபு, இப்படியே உள்ளே நெருங்கி வந்து நடுவில் 51-ம் 52-ம் அடுத்தடுத்து ஒலிக்கும். காது இதைப் பிடிக்கவே பிடிக்காது, ஐம்பது வரி தள்ளி வருகிற இயைபு யாருக்குக் கேட்கும்? ஆனாலும் செய்தார். அந்த ஒரு கவிதைக்கு மட்டும் 160-க்கு மேல் எழுதிப் பார்த்த தாள்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. போதையில் கொட்டியதை அள்ளிவைத்தவர் செய்கிற காரியமா இது? சொல்லப்போனால் அந்த அளவு பிடிவாதம் கவிதைக்கு நல்லதா என்றே எனக்குச் சந்தேகம் உண்டு, சில கவிதைகள் அதனாலேயே மூச்சு முட்டுகின்றன.

அப்புறம் ஒழுக்கம். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்கிற தேவாலயத்தில், எழுத்தாளர்களுக்கு நினைவுக்கல் வைக்கிற கவிஞர் மூலையில் இடம் கிடைக்க ஒழுக்கம் ரொம்ப நாள் தடையாக இருந்தது. ஒழுக்கக்கேட்டுக்குப் பெயர்போன ஆங்கிலக் கவிஞர் பைரன் செத்தது 1824-ல், அவருக்குக் கல் வைத்தது 1969-ல்! 1977-ல் மாநாட்டுக்கு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அங்கே சுற்றிப் பார்த்தபோது, டிலன் தாமஸுக்கு ஏன் கல் இல்லை என்று கேட்டார், கேட்டதோடு விடாமல் அதற்காகக் கடிதமும் எழுதினார். டிலன் தாமஸ் சங்கம் தொடங்கியதும் அதே வருஷம்தான். 1982 மார்ச் 1, வேல்ஸின் புனித டேவிட் நாளன்று, கல் வந்தது. நிலக்கடலை விவசாயியாக இருந்த கார்ட்டர் வந்து கேட்கவேண்டியிருந்தது பாருங்கள்.

வெல்ஷ் மொழி விஷயத்தில் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, அங்கேயே வெல்ஷில் எழுதுகிறவர்கள் பலருக்கு அந்த மனத்தாங்கல் உண்டு. ஆனால் அப்பா, அம்மா இருவருக்கும் வெல்ஷ் தெரியும், பிள்ளைக்குத்தான் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ஆங்கில வாத்தியார், ஆங்கிலத்தில்தான் பிழைப்பு என்று நினைத்த தலைமுறை. அதே அப்பாதான் பிள்ளையின் நடுப்பெயராக மார்லைஸ் என்று வைத்தார். அது வெல்ஷில் எழுதிய தன் சித்தப்பா, பாதிரியார் க்விலிம் மார்லஸின் புனைபெயரிலிருந்து எடுத்தது. இதற்கெல்லாம் பிள்ளையைப் பிடித்துத் தண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சங்கம் என்ன செய்கிறது என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பார்கள், யாரையாவது பேசக் கூப்பிடுவார்கள், அவர் புழங்கிய இடங்களுக்குப் போய்வருவார்கள். எனக்கு அதுவே போதும். நீங்கள் சங்கத்தில் சேரவேண்டாம், 1952-ல் அவரே வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டு இருக்கிறது, வேல்ஸில் ஒரு சிறுவனின் கிறிஸ்துமஸ் பற்றியது, இணையத்தில் தேடினால் கிடைக்கும். அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், அப்போதும் கோபம் இருந்தால் சண்டையைத் தொடரலாம்.